தோட்டத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

விடியற்காலை ஐந்து மணிக்குப் போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் சாலைகளில் நின்றால் தூக்குவாளியும் தலைத்துண்டுமாக ஜீப் ஏறும் பெண்களைப் பார்க்கலாம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலை ஏறுகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பகுதிகளின் ஏலத்தோட்டங்களில் பகல் முழுவதும் காய் எடுக்கிறார்கள். இருட்டும் நேரத்தில் ஊர் திரும்புகிறார்கள். காய் எடுப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். போடியிலும் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் அன்றைய விலை என்ன என்பதும் மாலைக்குள் எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. அந்தத் தோட்டத்தை அன்றாடம் நடத்துவது யார்?

போடியிலோ தேனியிலோ வசிக்கும் தோட்டக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். "மேலே நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பார்த்துக்குவான்" என்பார்கள். அந்தப் 'பையன்' பெரும்பாலும் நல்ல உழைப்பாளி. நம்பிக்கையானவர். ஆனால் அவருக்குப் பயிற்சி கிடையாது, பதவிப் பெயர் கிடையாது, எழுத்தில் அதிகாரம் கிடையாது. மருந்து வாங்குவது முதல் ஆள் வைப்பது வரை கீழிருந்து வரும் தொலைபேசிதான் முடிவு செய்கிறது. பல இலட்சம் ரூபாய் முதலீடும் ஐம்பது பேரின் அன்றாடக் கூலியும் இப்படியொரு ஏற்பாட்டின் மேல் நிற்கின்றன.

பண்ணை மேலாண்மை என்பது வேறு வேலை கிடைக்காதவர் செய்யும் வேலை அல்ல. அது ஒரு தொழில். அதை நீங்கள் அப்படி மதிக்காதவரை, ஏலமலையில் லாபம் என்பது விலையின் தயவாகவே இருக்கும். இந்த வாரம் உங்களோடு பேச விரும்புவது இதைத்தான்.

விலை மறைத்த குறை

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் முதல்தரக் காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் வரத்தைக் குறைத்ததே காரணம். அந்த விலையைப் பார்த்து எத்தனையோ பேர் காபியையும் மிளகையும் எடுத்துவிட்டு ஏலம் நட்டார்கள். 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2024 கோடையில் வெயிலிலும் வறட்சியிலும் இடுக்கி மலையில் ஏலச்செடிகள் கருகின. அதே ஆண்டு விலை மறுபடியும் ஏறியது.

விலை ஏறினாலும் இறங்கினாலும் அது நம் கையில் இல்லை. நம் ஊர் ஏலக்காயின் விலையில் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்கும் பங்கு உண்டு. ஏலம் அங்கே போய்ச் சேர்ந்து நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் வளைகுடாச் சந்தையில் நமக்குப் பெரிய போட்டி அவர்கள்தான். அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே விலை ஏறும், அங்கே கொட்டினால் இங்கே இறங்கும். நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: ஒரு கிலோ உலர்ந்த காயை உற்பத்தி செய்ய நமக்கு என்ன செலவு ஆகிறது என்பது.

உங்கள் தோட்டத்தில் அந்தக் கணக்கு இருக்கிறதா? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். பழமொழியைச் சொல்லிச் சிரித்துவிட்டுக் கணக்கே பார்க்காமல் விடுவது நம் பழக்கம். ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. நாள் கூலி, ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் நாளுக்குப் பத்து கிலோ பச்சைக் காய் எடுத்தால் உலர்ந்த கணக்கில் இரண்டு கிலோ. அப்படியென்றால் எடுப்புக் கூலி மட்டும் கிலோவுக்கு 300 ரூபாய். சுற்று தவறிப்போய், களை மண்டி, சரம் தெரியாமல் தடவித் தடவி ஆறு கிலோதான் எடுக்க முடிகிறது என்றால் அதே கூலி கிலோவுக்கு 500 ரூபாய் ஆகிவிடும். காய் எடுக்கிற பெண்மேல் இதில் ஒரு தவறும் இல்லை. சுற்றைத் தவறவிட்டது நிர்வாகம். விலை மூவாயிரத்தில் இருக்கும்போது இந்த 200 ரூபாய் கண்ணில் படாது. விலை ஆயிரமாகும்போது இதுதான் லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவே நிற்கும்.

நாட்காட்டியைத் தெரிந்த ஆள்

ஏலம் மன்னிக்காத பயிர். ஒரு வாரம் தள்ளிப்போன வேலைக்கு ஓராண்டு விளைச்சலை அபராதமாகக் கேட்கும். மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் இறங்கும் முன் நிழல் மரங்களைக் கவாத்து செய்து, காய்ந்த தட்டைகளையும் சருகையும் நீக்கி, வடிகாலைத் திறந்து, ஒரு சத போர்டோ கலவையைத் தூருக்கும் சரத்துக்கும் தெளித்திருக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. செலவு பெரிதல்ல. ஆனால் கவாத்துக்கு ஆள் கிடைக்காமல் ஜூன் பத்தாம் தேதிக்குத் தள்ளிப்போனால், மழைக்கு நடுவே அழுகல் நோய் புகுந்துவிடும். பிறகு எந்த மருந்தை எத்தனை தரம் அடித்தாலும் உதிர்ந்த காய் திரும்பாது. போர்டோ கலவையைத் தெளித்த கையோடு டிரைக்கோடெர்மாவை வைத்தால் அந்த நன்மை செய்யும் பூசணத்தைத் தாமிரமே கொன்றுவிடும், குறைந்தது பதினைந்து நாள் இடைவெளி வேண்டும். இதெல்லாம் தோட்டத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேர்ப்புழுவும் அப்படித்தான். வேரைத் தின்னும் புழுவை மண்ணுக்குள் தேடிக் கொல்வது கடினம், செலவும் அதிகம். அதன் தாய் வண்டு, பளபளவென்று நீலமாகவும் பச்சையாகவும், ஏப்ரல்–மே மாதங்களிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் வெளியே வரும். அந்தச் சில வாரங்கள் பூச்சி வலையால் பிடித்து அழித்தால் பின்னால் வரும் புழுவின் எண்ணிக்கை பெருமளவு குறையும். இதற்குத் தேவையானது விலை உயர்ந்த மருந்து அல்ல. அந்த வாரம் வந்துவிட்டது என்று கவனிக்கும் ஒரு ஜோடிக் கண்.

ஏலப்பூ காலையில் விரிகிறது. தேனீ வந்தால்தான் காய் பிடிக்கும். முற்பகலில் பூச்சிக்கொல்லி அடித்தால் இலைப்பேனோடு தேனீயும் சாகும். "பூ நிறைய இருந்தது, காய் பிடிக்கலையே" என்று மண்ணையும் வானத்தையும் குறை சொல்பவர்கள், மருந்தடித்த நேரத்தை யாரும் குறித்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை.

அறுவடையிலும் இதே கதை. விதை கறுத்து, தோல் பச்சையாக இருக்கும் 'கரிங்காய்' பருவம்தான் எடுக்க ஏற்றது. பிஞ்சு கலந்தால் உலரும்போது சுருங்கி எடை இழக்கும், பழமாக விட்டால் உலர்த்தும்போது வெடிக்கும். ஸ்டோரில் வெப்பம் 45 முதல் 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விறகைக் கூடுதலாகத் தள்ளினால் பச்சை நிறம் போய்விடும். ஓராண்டு உழைப்பின் தரத்தை ஓரிரவில் ஸ்டோர் தின்றுவிடும்.

நாற்பது ரூபாய் நோட்டு

விலை விழுந்து கிடந்த 2022-ல் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அதன் பொறுப்பில் இருந்தவர் தோட்டக்கலைப் பட்டயம் படித்த, தேனி மாவட்டத்து இளைஞர். நாற்பது ரூபாய் நோட்டு ஒன்றில் தோட்டத்தை ஆறு பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் போன ஆள், அடித்த மருந்து, எடுத்த காய் எல்லாவற்றையும் தேதிவாரியாக எழுதியிருந்தார். இரண்டு ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது ஓடையோரப் பாத்தி ஒன்று மட்டும், மற்ற ஐந்தின் லாபத்தையும் தின்றுகொண்டிருந்தது தெரிந்தது. நீர் வடியாத இடம், அடர்ந்த நிழல், ஆண்டுதோறும் அழுகல். அங்கே ஆண்டுதோறும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். அவர் வடிகால் வெட்டச் சொன்னார், நிழலைக் குறைக்கச் சொன்னார், மோசமான பகுதியைப் பயிரிடாமல் விடச் சொன்னார். உரிமையாளர் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார்.

அந்த ஆண்டு லாபம் வந்துவிடவில்லை. நட்டம் எங்கே என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பு அதுகூடத் தெரியாமல் இருந்தது.

இந்தக் கதைக்கு ஒரு பின்பகுதியும் உண்டு. அடுத்த ஆண்டு அந்த இளைஞர் ஒரு மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வேலைக்குப் போய்விட்டார். தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது ஜீப் ஓட்டுநரின் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பெண் பார்க்கப் போன இடத்தில் "தோட்டத்தில் என்ன வேலை?" என்று கேட்டபோது சொல்ல ஒரு பதவிப் பெயர்கூட இல்லை. மருந்தைக் குறைக்கக் கற்றவர் இப்போது மருந்து விற்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மருந்துக் கடை நடத்தும் தோட்டம்

மேலாளர் இல்லாத தோட்டத்தை யாராவது ஒருவர் நடத்தத்தான் செய்வார். பல இடங்களில் அது மருந்துக் கடை. கடனுக்குக் கொடுக்கிறார்கள், என்ன அடிப்பது என்றும் சொல்கிறார்கள், மூன்று வாரத்துக்கு ஒருமுறை பழக்கம்போல் டிரம் கலக்கப்படுகிறது. பூச்சி இருக்கிறதா என்று யாரும் சரத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

இதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அனுமதித்த அளவுக்கு மேல் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாகச் சோதனை முடிவு வந்ததால், கேரள உயர் நீதிமன்றம் அரவணை விற்பனையை நிறுத்தியது. பின்னர் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது என்றாலும், நம் மலையின் காய்க்கு வந்த பெயர் வந்ததுதான். சவூதி அரேபியா போன்ற நாடுகள் எச்ச அளவில் காட்டும் கண்டிப்பும் நமக்குத் தெரியும்.

உரிமையாளர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. மேலாளரை வைத்துவிட்டு, "எத்தனை கிலோ கூடுதலாக எடுக்கிறாயோ அத்தனை போனஸ்" என்று சொல்லாதீர்கள். விளைச்சலுக்கு மட்டும் போனஸ் கொடுத்தால் அவரும் மருந்தைக் கூட்டத்தான் செய்வார். ஒரு கிலோவுக்கு ஆன செலவு, எச்சச் சோதனையின் முடிவு, ஆண்டு முழுவதும் ஒரு தொழிலாளிக்கும் விபத்தோ மருந்து விஷமோ நேராதது, இந்த மூன்றையும் வைத்து போனஸைக் கணக்கிடுங்கள்.

ஆளை நடத்தத் தெரிய வேண்டும்

செடியைத் தெரிந்தால் மட்டும் மேலாளர் ஆகிவிட முடியாது. 1956 மாநிலப் பிரிவினையில் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு சேர்ந்தன. அதனால் நம் ஏலமலை இரண்டு மாநிலத்தில் வாழ்கிறது. தோட்டம் அங்கே, உரிமையாளரும் தொழிலாளரும் பெரும்பாலும் இங்கே. மேலாளருக்குத் தமிழ் போதாது, மலையாளமும் வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருக்கும் இன்றைய நிலையில் ஓரளவு இந்தியும் வேண்டும்.

சட்டமும் தெரிய வேண்டும். 1951-ஆம் ஆண்டு பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐந்து எக்டேரோ அதற்கு மேலோ பரப்புள்ள, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஏலத்தோட்டங்களுக்கும் பொருந்தும்படி இருந்தது. குடிநீர், கழிப்பறை, மருத்துவ வசதி, குடியிருப்பு ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. 2020-ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டது. 1951 சட்டத்தில் ஒரு விளக்கம் இருந்தது: தோட்டப் பொறுப்பு மேலாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவரும் 'வேலை கொடுப்பவர்'தான். பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது அவருக்கு இழைக்கும் அநியாயம்.

மலைப்பாதையில் ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவது என்பதும் நிர்வாக முடிவுதான். பத்துப் பேர் ஏறவேண்டிய வண்டியில் இருபது பேரை அடைத்து, பனிமூட்டத்தில் வேகமாக இறங்கி, எத்தனை குடும்பங்கள் தாயை இழந்திருக்கின்றன என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு ஜீப் வாடகையைக் கணக்கில் எழுதும் துணிச்சல் உள்ளவர்தான் மேலாளர்.

கரிங்காய்ப் பருவத்தை விரல் நுனியில் அறிந்த பெண்கள் இந்த மலையில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இருபது ஆண்டு காய் எடுத்தவருக்கு மேற்பார்வைப் பொறுப்பு கொடுத்துப் பாருங்கள். வேளாண், தோட்டக்கலைக் கல்லூரிகளில் பெண்கள் ஏராளமாகப் படிக்கிறார்கள். "தோட்டத்துக்குப் பெண் சரிவராது" என்ற ஒரே சொல்லால் அவர்களை நாம் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

பாதை எங்கே இருக்கிறது?

தேயிலைத் தோட்டங்களில் உதவி மேலாளர், மேலாளர், குழும மேலாளர் என்று படிப்படியான ஏணி உண்டு. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி 1893-லேயே தொடங்கப்பட்டது. வெள்ளைக்கார 'துரை' காலத்து அதிகாரத் திமிரை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் மேலாண்மைக்கு ஒரு பதவி, ஒரு பயிற்சி, ஓர் ஊதிய நிலை வேண்டும் என்ற ஒழுங்கை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் அது வளராததற்குக் காரணம் எளிது. பெரும்பாலும் சிறிய, குடும்பச் சொத்தான தோட்டங்கள். அப்பா பார்த்தார், அண்ணன் பார்த்தார். இப்போது பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள்.

இளைஞர்களே, உங்களுக்குச் சில வழிகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு வேளாண், தோட்டக்கலைப் பட்டயப் படிப்புகள் கள நிர்வாகத்துக்கு நல்ல அடித்தளம். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி நம் வாசலிலேயே இருக்கிறது. மேற்படிப்புக்குப் பெங்களூருவில் 1993-ல் தொடங்கிய இந்தியப் பெருந்தோட்ட மேலாண்மை நிறுவனமும், ஐதராபாத்தில் 'மேனேஜ்' எனப்படும் தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனமும் உண்டு. பட்டம் வாங்கியதும் நேரே நாற்காலி தேடாதீர்கள். ஒரு முழு ஆண்டு, மே மாதக் கவாத்து முதல் கடைசிச் சுற்றுக் காய் எடுப்பு வரை, ஒரு தோட்டத்தில் தங்கி வேலை செய்யுங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இருக்கிறது. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழக நிலையம் இருக்கிறது. இரண்டின் வாசலையும் மிதியுங்கள்.

"எனக்கு இரண்டு ஏக்கர்தான், மேலாளருக்கு எங்கே போவேன்?" என்று கேட்கும் விவசாயிக்கும் பதில் உண்டு. பத்துப் பதினைந்து சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மேலாளரை வைக்கலாம். ஏலச் சுற்று, மருந்து, உலர்த்தும் ஸ்டோர் மூன்றையும் அவர் பொதுவாகப் பார்த்துக்கொள்வார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் இன்னும் எளிது. 2002-ல் தொடங்கிய வேளாண் மருந்தகம் – வேளாண் தொழில் மையத் திட்டத்தில் வேளாண் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரிகளுக்கும் 45 நாள் இலவசப் பயிற்சி உண்டு. வங்கிக் கடனோடு தொடங்கும் தொழிலுக்கு 36 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதமும் மானியம் உண்டு. இப்படிப் பல தோட்டங்களுக்கு மேலாண்மைச் சேவை தருவதையே ஒருவர் தன் தொழிலாக வைத்துக்கொள்ளலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சிக் கூட்டத்துக்கு நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரை மட்டும் அழைக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அவர் போடிக்கு இறங்கிவிடுகிறார். மருந்து கலப்பவரும் ஸ்டோரில் விழித்திருப்பவரும் கூட்டத்துக்கு வருவதே இல்லை. காமாட்சிபுரத்திலும் சாந்தன்பாறையிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்கள் சேர்ந்து, தோட்டப் பொறுப்பாளர்களுக்கென்றே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பயிற்சியை நடத்தினால் இரு மாநிலத்துக்கும் பயன்.

உரிமையாளர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை மூன்று. உங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பதவிப் பெயரும் எழுத்தில் ஒரு நியமனக் கடிதமும் கொடுங்கள். மருந்து வாங்கவும் வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு அதிகாரம் கொடுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, மாதம் ஒருமுறை மேலே போய் அவரோடு உட்கார்ந்து அதைப் படியுங்கள். விலை நன்றாக இருக்கும்போது இதைச் செய்தால்தான் விலை விழும்போது அந்த நோட்டு கைகொடுக்கும்.